உன் பெரியம்மாவைப் பற்றி

மகனே,

நீ என் இடது தோளில் தூங்குகிறாய். வலது கையால் இதை எழுதுகிறேன். மழை பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு பகல். லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் குளிர்காலப் பகல்கள் இப்படித்தான். விடிந்த மாதிரியும் இருக்காது, இருண்ட மாதிரியும் இருக்காது. கீழே கடையில் யாரோ கறிவேப்பிலைப் பெட்டியைப் பிரிக்கிறார்கள். அந்த வாசம் படியேறி வந்து உன் தலையின் பால் வாசத்தோடு கலக்கிறது. நீ பிறந்ததிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை, சரியாக விழிக்கவும் இல்லை. நேற்று நடந்ததும் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நடந்ததும் ஒரே அறைக்குள் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. அவை எழுந்து போவதற்குள் சிலவற்றை உனக்கு எழுதிவிட வேண்டும்.

நீ இதை வாசிக்கும்போது எனக்கு இப்போதிருக்கும் வயதைத் தாண்டியிருப்பாய். எனக்குப் பத்தொன்பது. தாடி வழித்த முகத்தோடு நீ எங்கோ ஒரு ரயிலில் இருந்து இதை வாசிப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். உன்னைவிட இளைய ஒருத்தி உனக்குப் புத்தி சொல்வது சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொண்டே வாசி. நான் பதினாறு வயதில் படிப்பை விட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டாதவள். பெரிய விஷயங்களைச் சொல்லும் சொற்கள் என்னிடம் இல்லை. நான் நன்றாக அறிந்தது ஒரே ஒருவரை, உன் பெரியம்மாவை. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன். எங்களைப் போன்ற வேறு வீடுகளில் இப்படி ஒருவர் இருந்தால், அங்கே இருக்கும் தங்கைகளும் வாசிக்கட்டும்.

அவள் பிறந்தபோது ஆண் பிள்ளை என்று சொல்லி ரவி என்று பெயர் வைத்தார்கள். மாலதி என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். எனக்குப் பத்து வயது மூத்தவள். நெடுங்காலம் நான் அவளை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் பழைய கதைகளைச் சொல்லும்போதும் இங்கே பெரியம்மா என்றே எழுதப்போகிறேன். அந்தக் கதைகளிலும் இருந்தவள் அவள்தான், எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே. இங்கிலீஷ்காரர்களுக்கு இது ஒரு சொல்லை மாற்றும் வேலை. எங்களுக்கு அப்படியல்ல. அம்மாவின் சகோதரன் என்றால் உனக்குத் தாய்மாமன். அம்மாவின் அக்கா என்றால் இன்னொரு தாய். ஒருவர் ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்தால், சடங்கு வீட்டில் யார் எங்கே நிற்பது, யாருடைய பிள்ளை யாருக்கு என்ன முறை என்று வீடே இடம் மாறிவிடும். உன் அம்மம்மாவுக்கு அதில்தான் முதலில் தலை சுற்றியது.

எங்களுக்கு முன்னரே பெரியம்மா தனியாக லண்டன் வந்துவிட்டாள். ஊரில், யாழ்ப்பாணத்தில், ஆமிக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதம் வைத்திருந்தார்கள். விட்டதும் அப்பா எப்படியோ ஏற்றி அனுப்பினார். எண்பத்தெட்டில் நானும் அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தபோது விமான நிலையத்தில் எங்களைக் கூப்பிட வந்தவள் மெலிந்து, மிகவும் மென்மையாகக் கதைக்கும் ஒருவராக இருந்தாள். குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுக்கும் பெரிய அலுவலகத்துக்கு எங்களைக் கூட்டிப் போனதும் அவள்தான். வரிசையில் நிற்கும்போது என் இரட்டைப் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாள். அம்மா பின்னுவதைவிட இறுக்கமாகவும் நேராகவும் இருந்தது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். கயிறு திரிக்கத் தெரிந்தால் இதுவும் தெரியும் என்றாள். அவள் கயிறு திரித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

எனக்குப் பதினாறு நடக்கும்போது அவள் ஒருநாள் வேலைக்குப் போகாமல் படுத்தாள். அடுத்த நாளும் எழும்பவில்லை. சாப்பாட்டுக் கோப்பை அப்படியே திரும்பி வரும். சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். கூப்பிட்டால், மிகத் தூரத்தில் இருக்கும் ஒருவர் திரும்புவதுபோல மெதுவாகத் திரும்புவாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஷிப்ட் வேலை. அவளைத் தனியே விட ஏலாது என்பதால் நான் வீட்டில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைத் தேடவில்லை. நான் அங்கே இருந்தபோதும் யாருக்கும் பெரிதாகத் தெரிந்ததில்லை. அந்த அறையில் நாங்கள் இருவரும் பேசாமல் இருந்த மாதங்களை நினைத்தால், தண்ணீருக்கடியில் வாழ்ந்ததுபோல இருக்கிறது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பிறகு மறுபடி தண்ணீர் மூடிக்கொள்ளும். கடைசியில் அவள் உயிருக்கே பயந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கிருந்து வாரக் கடைசியில் வீட்டுக்கு விடுவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, நானும் அவளும் லோண்டரிக்கு உடுப்புத் தோய்க்கப் போனோம். வேறு யாரும் இல்லை. இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் அப்பாவின் சட்டையும் அம்மாவின் சேலையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போயின. சூடான சோப்பு வாசத்தில் எனக்கு நித்திரை வந்தது. அவள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியே, தான் சின்ன வயதிலிருந்தே தன்னைப் பெண் என்றுதான் அறிந்திருப்பதாகச் சொன்னாள். டொக்டரிடம் சொன்னீர்களா, அதற்கும் மருந்து தருவார்களா என்று கேட்டேன்.

"என்னட்ட ரெண்டு விசயம் இருக்கு" என்றாள். "ஒண்டு வருத்தம். மற்றது நான். வருத்தத்துக்கு மருந்து குடிக்கிறன். மற்றதுக்கு நான் மருந்து கேட்கேல்லை."

மகனே, இதை எனக்கு இதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் உலகம் அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே பார்த்தது. ஒரு டொக்டர், மனம் சுகமானால் இந்த எண்ணமும் போய்விடும் என்றார். இன்னொருவர், இந்த எண்ணம் தீர்ந்தால்தான் மனம் சுகமாகும் என்றார். அந்த வார்டில் வேலை செய்த ஒரு நர்ஸ் மட்டும், உன்னை எப்படிக் கூப்பிட விருப்பம் என்று கேட்டாளாம். அதைப் பெரியம்மா சொல்லும்போது, யாரோ குடிக்கத் தண்ணீர் தந்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள் என்றும் எங்கள் ஆட்கள் மட்டும் புரியாமல் இருந்தார்கள் என்றும் நினைத்துவிடாதே. பஸ்ஸில் அவளைப் பார்த்துக் கூவியவர்களுக்குத் தமிழ் தெரியாது. கோயிலில் ஒரு அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேசாமல் பூத்தட்டை அவள் பக்கம் நீட்டியதும் உண்டு.

உன் அம்மம்மா எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்பாய். முதலில், ஊரில் பிடித்து வைத்திருந்தபோது பட்ட அடியில் பிள்ளைக்கு மூளை குழம்பிவிட்டது என்றார். அதற்கு முன்னரே இது இருந்தது அம்மா என்று பெரியம்மா சொன்னதும் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். முதல் பிள்ளை பெண்ணாகப் பிறக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாம். அதனால் ஒன்றரை வயதில் பெண் பிள்ளைச் சட்டை போட்டு, மையிட்டு, தலையில் பூ வைத்து ஸ்டூடியோவில் படம் எடுத்தாராம். அதுதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது என்று அழுதார். பல மாதத்துக்குப் பிறகு பெரியம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். ஊரில் எல்லா ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் அப்படித்தானே படம் எடுத்தார்கள், அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆம்பிளையும் மிஞ்சியிருக்க மாட்டான் என்றாள். அம்மாவும் அழுகையோடு சிரித்துவிட்டார். அன்று மாலை அடுப்பில் மீன் குழம்பு கொதிக்க, மூவரும் குசினியிலேயே நின்றோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்தால் முருகனுக்கு மொட்டையடிப்பதாக. யாருடைய தலையை என்று யோசித்துப் பார். எங்கள் வழக்கத்தில், யாருக்காக வேண்டுகிறோமோ அவருடைய முடியைத்தான் பெரும்பாலும் கொடுப்போம். அம்மா வேறெதையும் நினைக்கவில்லை. பெரியம்மா அப்போது தோளுக்குக் கீழே முடி வளர்த்திருந்தாள். மருந்தின் மயக்கத்திலும் அதை மட்டும் சீவிப் பின்னிக்கொள்வாள். நாளுக்கொரு தரம் தன்னைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வதுபோல.

"கடவுளுக்குச் சொல்லிப்போட்டன் தம்பி" என்றார் அம்மா, மகனைத் தம்பி என்றும் மகளைப் பிள்ளை என்றும் கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கப்படி. "சொன்னதை மீற எனக்குப் பயமா இருக்கு. உனக்குத் திரும்பவும் ஏதும் வந்திட்டால் நான் என்ன செய்ய?"

பெரியம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின் தோட்டத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா வழித்தார், நான் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே வெள்ளைச் சேலைபோல ஒரு துணி காற்றில் எழுந்து விழுந்துகொண்டிருந்தது. முடியைக் கடலில் விட வேண்டும் என்று அம்மா அதை ஒரு துவாயில் சுற்றி எடுத்தார். ரயிலேறி சவுத்எண்டுக்குப் போனோம். கடல் வற்றிப்போய் வெகுதூரத்தில் கிடந்தது. சேற்றுக்கு மேலே நீண்டு போகும் அந்தப் பாலத்தில் நடந்துகொண்டே இருந்தோம், கடல் எங்களைவிட்டு நடந்துகொண்டே இருப்பதுபோல. அம்மா துவாயைப் பிரித்தபோது காற்று ஒரு கற்றையை எடுத்து அவர் கையில் சுற்றிவிட்டது. அவர் அதை உதறவில்லை.

"இவ்வளவு நீளமே" என்றார். வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு பெரியம்மா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். அம்மா தினமும் விபூதி கொண்டுவந்து பூசினார், நேர்த்தியை நிறைவேற்றியும் ஏன் இப்படி என்று கேட்டார். யாருக்கும் கோபம் இல்லை. அன்பு மட்டும்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. கொஞ்சம் தேறியதும் அவள் குரோய்டனில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் மாலதி. மருந்தை விடாமல் எடுக்கிறாள், முடி மறுபடி வளர்ந்துவிட்டது. ஆனாலும் இருண்ட வாரங்கள் வரும். அவளாக வாழ்வதால் வருத்தம் மாயமாகப் போய்விடவில்லை. வருத்தம் வருவதால் அவள் அவளாக இல்லாமலும் போய்விடவில்லை. யாருக்காவது வேண்டிக்கொள்ள உனக்கு ஆசை வந்தால், மகனே, உன் தலையைக் கொடு. அடுத்தவரின் தலையைக் கொடுக்காதே.

உன் அப்பாவை நான் கல்யாணம் செய்தபோது இதெல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கு மூன்று சந்திப்புகள் ஆயின. அவர் கேட்டுவிட்டு, "மச்சானெண்டாலும் மச்சாளெண்டாலும் பரவாயில்லை, எனக்குச் சீட்டு விளையாட ஆள் வேணும்" என்றார். அது போதுமான பதில் இல்லைதான். ஆனால் மோசமான பதிலும் இல்லை.

பிறகு நீ வந்தாய். எங்கள் வீட்டில் முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழிக்கும்போது, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காப்புப் போட்டுக் காதில் பெயர் சொல்வார்கள். அன்றைக்கே முடியும் இறக்குவது வழக்கம். அதைப் பிறகு பார்ப்போம் என்று அம்மாவே தள்ளிவைத்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. மடிக்கு யார் என்பதைத்தான் கேட்டேன். தம்பி வேட்டியோடு வருவதென்றால் வரட்டும், இல்லாவிட்டால் ஹரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணையை, உன் ஹரோ மாமாவைக் கூப்பிடுவோம் என்றார் அம்மா. நான் பெரியம்மாவுக்கு டெலிபோன் எடுத்தேன். அந்த மாதம் அவளுக்கு நல்ல மாதம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"மாமாவா வரச் சொன்னால் நான் வரமாட்டன். எனக்கு அது ஏலாது" என்றாள். "பிள்ளையைப் பார்க்க ஆசையாத்தான் இருக்கு. நீ எங்கையாவது ஒரு பார்க்குக்குக் கொண்டு வாவன்."

நான் ரிசீவரை வைத்துவிட்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்குகள் வரிசையாகக் கண்ணில் வந்தன. நீ தள்ளுவண்டியில் இருக்கும் ஒரு பார்க். நீ நடக்கப் பழகும் ஒரு பார்க். நீ பந்தோடு ஓடும்போது, மர வாங்கில் தள்ளி உட்கார்ந்து உன்னைப் பார்க்கும் ஒரு பெண். யார் அது என்று நீ கேட்கிறாய், நான் வழக்கம்போல வாய் திறக்காமல் இருக்கிறேன். அடுத்த குளிர்காலத்தில் அந்த வாங்கில் யாரும் இல்லை. மறுபடி டெலிபோனை எடுத்து, நீங்கள் நீங்களாகவே வாருங்கள் அக்கா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. மிச்சத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த நாளைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. அம்மா இன்னும் சில வேளை ரவி என்று கூப்பிட்டுவிட்டு உதட்டைக் கடிக்கிறார். ஹரோ மாமா எங்களுக்குக் கார்ட் அனுப்புவதை நிறுத்திவிட்டார். நேற்றுப் பெரியம்மா டெலிபோனில் இரண்டு வசனம்தான் கதைத்தாள். நீ வளர்ந்தபிறகு இவையெல்லாம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால், யாராவது தங்களைப் பற்றி உன்னிடம் சொல்ல வந்தால் உடனே பதில் தேடாதே. உனக்கு விளங்கவில்லை என்றாலும் பக்கத்தில் இரு. விளங்குவது பிறகு வரலாம், வராமலும் போகலாம். பக்கத்தில் இருப்பதற்கு அது தேவையில்லை.

அன்றைக்கு அம்மா வீட்டுச் சின்ன முன்னறை நிறைய ஆட்கள். சோபாவைப் படிக்கட்டின் கீழே தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தோம். புகை மணி அலறாமல் இருக்க அப்பா அதன் மேல் ஒரு ஷவர் தொப்பியை மாட்டியிருந்தார். சாம்பிராணிப் புகையில் எல்லோருடைய முகமும் கரைந்து கரைந்து தெரிந்தது. ஹரோ மாமா பட்டு வேட்டியோடு பாயருகே தயாராக நின்றார். பெரியம்மா வந்தபோது ஐயர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இளநீலச் சேலை, ஒற்றைப் பின்னல். செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்பிப் போக வசதியாக வாசல் பக்கத்திலேயே நின்றாள். அம்மா அவளைக் கண்டார். திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தாய்மாமன் ஆர்? வந்து இருங்கோ" என்றார் ஐயர்.

ஹரோ மாமா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

"மாமா இல்லை ஐயா" என்றேன். என் குரல் வேறெங்கோ இருந்து வந்ததுபோல இருந்தது. "பெரியம்மாதான். என்ர அக்கா. அவதான் பிள்ளையை மடியில வைக்கப் போறா."

அறை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் அவ்வளவு பேசியதை அவர்களில் பாதிப் பேர் கேட்டதே இல்லை. ஹரோ மாமா நிமிர்ந்தார்.

"அக்காவோ? எனக்குத் தெரியாம இந்த வீட்டில எப்ப, பிள்ளை, ஒரு அக்கா பிறந்தவ?"

யாரோ சிரித்தார்கள். பெரியம்மாவின் கை கதவுப் பிடியைத் தேடியது. அப்போது அப்பா, எங்கள் வீட்டில் என்னைப்போலவே வாய் திறவாத அப்பா, மூலையில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டார்.

"நீர் உதில இரும்" என்றார் ஹரோ மாமாவிடம்.

ஐயருக்கு இதொன்றும் விளங்கவில்லை. அவர் இன்னொரு வீட்டுச் சடங்குக்கும் போக வேண்டியிருந்தது. ஆரெண்டாலும் கெதியா வந்து இருங்கோ, நல்ல நேரம் போகுது என்று சொல்லிவிட்டு மணியை எடுத்தார். பெரியம்மா அசையவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. குசினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்பாவும்கூட அங்கேதான் பார்த்தோம். ஐயர் மணியை ஆட்டாமல் வைத்திருந்தார்.

அம்மா காப்புத் தட்டோடு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, வெங்காயம் உரித்ததாலோ என்னவோ. பாய்வரைக்கும் வந்து தட்டை வைத்தார். பாயைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"சீலையை ஒதுக்கிக்கொண்டு இரு பிள்ளை" என்றார். "தண்ணி கிடக்கு."

பெரியம்மா ஆட்களுக்கு நடுவே மெதுவாக வந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் குனிந்து உன்னை அவள் மடியில் வைத்தேன்.